வலிச்சாப் போட்டுக்கோங்க

மணி அடிச்சாச்சு, கேள்வித்தாளைக் கொடுத்தாச்சு, பிள்ளைங்க எல்லாம் குனிஞ்சாச்சு. இனி மத்தியானம் வரைக்கும் நான் வாயைத் திறக்க வேண்டிய வேலையே இல்ல, அந்த மட்டுக்கும் புண்ணியம். வாயைத் திறந்தா காத்துப் போகுது, காத்துப் பட்டா இடது பக்கம் கீழ அந்தக் கடைவாய்ப் பல்லுல சுரீர்னு ஏறி, காது வழியா நெத்திப்பொட்டு வரைக்கும் போயி நிக்குது. சரின்னு மூடி வச்சா மேல் பல்லு வந்து இடிக்குது, அடைச்ச இடம் ஒரு நூல் உசரமா இருக்கும் போல. திறக்கவும் கூடாது, மூடவும் கூடாது, உதட்டை மட்டும் ஒட்டிக்கிட்டு தாடையைத் தொங்க விட்டுட்டு நிக்கணும். ஒரு விலங்கியல் டீச்சர், வணிகவியல் பரீட்சைக்கு, பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துல, இப்படித்தான் நிக்கிறா. அவங்கவங்க பாடத்துக்கு அவங்கவங்களை விடமாட்டாங்க, பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுத்துருவோமாம். நான் என்னத்தச் சொல்லிக் கொடுக்க, எனக்கு என் பேரே மறந்துரும் போல இருக்கு. செண்பகவல்லி, எம்.எஸ்ஸி., பி.எட்., பல் வலி. காலையில செல்போனை எல்லாம் தலைமையாசிரியர் ரூம்ல ஒப்படைக்கும்போதே ஜெபசெல்வி டீச்சர் பார்த்துட்டாங்க. என்ன டீச்சர், கன்னம் ஒரு பக்கமா உப்பியிருக்குன்னு கேட்டு, நேத்து சாயங்காலம் பல் அடைச்ச கதையை நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பையில கையை விட்டு மாத்திரையை எடுத்துட்டாங்க. அந்தம்மா பையில இல்லாத சாமானே கிடையாது. வேண்டாம் டீச்சர், எனக்கு வயித்துக்கு ஒத்துக்காதுன்னு சொன்னேன். பொய்தான். எனக்குக் கல்லைத் தின்னாலும் ஒத்துக்கும்.

மாத்திரை போடக்கூடாது. ஏன் போடக்கூடாதுன்னு இந்த உலகத்துல எனக்கு மட்டும்தான் தெரியும். நாள் தள்ளிப் போயிருக்கு. அவ்வளவுதான், அதை மனசுக்குள்ள சொல்றதுக்கே பயமா இருக்கு, சொன்னா அதுக்குக் கேட்டுருமோன்னு இருக்கு. கல்யாணம் ஆனதுலருந்து எனக்கு நாள் தவறினது கிடையாது. பொங்கல் தவறும், சம்பளம் தவறும், அது மட்டும் மாசாமாசம் கரெக்டா வந்து என் மூஞ்சில கரியைப் பூசிட்டுப் போகும். ஒரே ஒரு தடவை தவறுச்சு, அதைப் பத்தி இப்ப நினைக்கக் கூடாது. இந்த மாசம் வரல. இன்னைக்கு வரும், நாளைக்கு வரும்னு பார்த்தேன், வரல. பார்க்கிறதை நிறுத்தினேன், அப்பவும் வரல. அதுக்கப்புறம்தான் இந்தப் பல்லுக்குக் கேடு வந்துச்சு. பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, சோறு மெல்ல முடியாமப் போயி, கடைசியில நேத்து போயி அந்த நாற்காலியில சாஞ்சேன். அங்கதான் அந்தப் பொண்ணு கேட்டா. பல் டாக்டர், படிச்சு முடிச்சு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருக்கும், என் பழைய மாணவி சாயல்ல இருந்தா. எக்ஸ்ரே எடுக்கணும், கர்ப்பமா இருக்கீங்களா, அப்படி ஏதும் வாய்ப்பு இருக்கான்னு கேட்டா. நல்ல பொண்ணு, கேக்காம விடல. அவ மேல குத்தம் சொல்ல முடியாது. எங்க வீட்டுல ஒரு பழக்கம், ஆஸ்பத்திரிக்குத் தனியாப் போகக்கூடாது. தும்மலுக்குப் போனாலும் துணைக்கு ஒரு ஆள். வந்த ஆள் வெளிய பெஞ்சுல உக்கார மாட்டாங்க, உள்ள வந்து டாக்டர் பக்கத்துல நின்னுக்கிட்டு நமக்கு எங்க வலிக்குதுன்னு அவங்க சொல்வாங்க. அதுக்குப் பேரு பாசம். எனக்குத் துணைக்கு வந்தது ஆவுடை மதினி, என் வீட்டுக்காரர் மாரீஸ்வரனுக்கு அக்கா. நான் வாயில பஞ்சை வச்சுக்கிட்டு மேல விளக்கைப் பார்த்துப் படுத்திருக்கேன். கேட்டது என்னை. பதில் சொன்னது மதினி.

"அதுக்கெல்லாம் இங்க கொடுப்பினை ஏது தாயி, நீங்க எடுங்க."

சொல்லிட்டு ஒரு பெருமூச்சு. டாக்டர் என் கண்ணைப் பார்த்தா. நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன்? மேலும் கீழுமா, இடமும் வலமுமா? ராத்திரி பூரா யோசிச்சும் ஞாபகம் வரல. பஞ்சைத் துப்பிட்டு, இருங்க டாக்டர், ஒரு நிமிஷம்னு சொல்றதுக்கு எனக்கு வாய் இருந்துச்சு. மதினியை வெளிய போகச் சொல்ல வாய் இல்ல. கனமா ஒரு அங்கியைத் தூக்கி என் மேல போட்டாங்க, கழுத்துலருந்து கீழ வரைக்கும். எதுவரைக்கும்? வயித்தை மூடுச்சா? நான் நெளிஞ்சதுல விலகிக் கிடந்துச்சோ என்னவோ. டக்குனு ஒரு சத்தம், அவ்வளவுதான், ஸ்விட்ச் போடுற சத்தம். ஒரு பல்லுக்கு எடுக்கிற எக்ஸ்ரேல ஒண்ணும் ஆகாதுன்னு எனக்குத் தெரியும், பாடம் நடத்துறவதானே நான், இனப்பெருக்கம்னு ஒரு அத்தியாயம் இருக்கு, வருஷாவருஷம் படம் போட்டு, பாகம் குறிச்சு நடத்துறேன், பிள்ளைங்க குனிஞ்சுக்கிட்டுச் சிரிக்கும். என் மண்டைக்குத் தெரியும், ஒண்ணும் ஆகாது. வயித்துக்குத் தெரியலையே. அது டக்குன்ன சத்தத்தையே நினைச்சுக்கிட்டு இருக்கு. அப்புறம் பல்லைக் குடைஞ்சு அடைச்சு முடிச்சு, கொஞ்சம் ஆழமாப் போயிருச்சு, நரம்புக்குப் பக்கத்துல வந்துருச்சு, சில நாள் கூசும், பச்சைத் தண்ணி குடிக்காதீங்க, வலிச்சாப் போட்டுக்கோங்கன்னு மாத்திரை எழுதிக் கொடுத்தா அந்தப் பொண்ணு. மதினி அதை வாங்கி மாரீஸ்வரன் கையில கொடுத்து, அவர் ஓடிப்போயி வாங்கிட்டு வந்து, காலையில நான் கிளம்பும்போது என் பையோட பக்கவாட்டு ஜிப்புக்குள்ள வச்சுவிட்டார். வலிச்சாப் போட்டுக்கோ, வீம்பு பிடிக்காதன்னு சொன்னார். நல்ல மனுசன். வண்டியில பின்னாடி உக்காந்து வரும்போது ஒவ்வொரு பள்ளத்துக்கும் எனக்கு உயிர் போயி வந்துச்சு, பல்லுக்காக இல்ல, மெதுவாப் போங்கன்னு சொன்னேன், பல்லு ரொம்ப வலிக்கோன்னு கேட்டார், ஆமான்னேன்.

சன்னலோரத்துல ஒரு பிள்ளை கையைத் தூக்குது. தண்ணி வேணுமாம். வராண்டாவுல தண்ணி கொடுக்க நிக்கிற அம்மாவைச் சைகையில கூப்பிட்டேன், கூப்பிட்டதுக்கே பல்லு ஒரு வெட்டு வெட்டுச்சு. கைக்குட்டையைக் கன்னத்துல வச்சு அமுக்கிக்கிட்டு நடக்கிறேன். சுவர்லருந்து சுவருக்கு, திரும்பவும் சுவருக்கு. உக்காரக் கூடாது, நாற்காலி இருக்கு, ஆனா உக்காரக் கூடாது, பறக்கும் படை வந்தா கண்காணிப்பாளர் நின்னுக்கிட்டு இருக்கணும். மாசமா இருக்கிறவங்களுக்கு இந்த வேலை போடமாட்டாங்க, ஒரு வார்த்தை சொன்னாப் போதும், வீட்டுக்கு அனுப்பிருவாங்க. அந்த ஒரு வார்த்தைதான் என் கிட்ட இல்ல. எப்படிச் சொல்றது, சொல்லித்தானே போன தடவை. சரி, நினைச்சுத் தொலைச்சாச்சு, இனி முழுசா நினைச்சுத்தான் ஆகணும். போன தடவை தவறினப்ப நான் சும்மா இருந்தேனா, மாரீஸ்வரன் காதுல ஓதினேன். அவர் சும்மா இருந்தாரா, சந்தோஷத்துல அக்காவுக்குப் போன் போட்டுட்டார். மதினி மறுநாளே ஒரு தூக்குவாளி நிறைய பால்கோவாவோட வந்து இறங்கிட்டாங்க, என் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க, அழுதாங்க. எனக்கு அம்மா இல்ல, அப்படி ஒருத்தர் என் கையைப் பிடிச்சு அழுததே இல்ல, நானும் அழுதேன். கொஞ்ச நாள்தான். அந்தப் பால்கோவா தீர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. டாக்டர் ரொம்ப ஆரம்பத்துலயே இப்படிக் கலையிறது சகஜம்னாங்க, மதினி நம்பல. எவ கண்ணு பட்டுச்சோன்னு ஒரு வாரம் சொல்லிக்கிட்டே இருந்தாங்க, அடுத்த வாரம் எவ கண்ணும் இல்ல, இவளே மாடிப்படி ஏறி இறங்கித் தொலைச்சிருப்பான்னு மாறிப்போச்சு. அன்னைக்கு முடிவு பண்ணினேன், இன்னொரு தடவை அப்படி வந்தா மூணு மாசம் முடியிற வரைக்கும் மூச்சு விடமாட்டேன்னு. கட்டின புருசன் கிட்டக்கூட. டெஸ்ட் பண்ணிப் பார்க்கிற அட்டைகூட வாங்கல. எங்க ஊர்ல மருந்துக்கடைக்காரன் எவனைப் பார்த்தாலும் நம்மகிட்டப் படிச்சவனா இருப்பான், வணக்கம் டீச்சர்னு எந்திரிச்சு நிப்பான், அவன்கிட்டப் போயி எப்படிக் கேக்க. அது சும்மா ஒரு சாக்கு. பார்க்கப் பயம். கோடு ஒண்ணோட நின்னு போச்சுன்னா? பார்க்காத வரைக்கும் இருக்கு. பார்க்காத வரைக்கும் எனக்குள்ள ஒரு ஆள் இருக்கு.

இப்பவும் இருக்கு. இந்தா, இந்த ஹால்ல என்னோட சேர்ந்து நின்னுக்கிட்டு இருக்கு, வணிகவியல் பரீட்சைக்கு. அதுக்காகத்தான் இந்த வலி. காலையில மதினி போன்ல சொன்னாங்கன்னு கிராம்பை எடுத்துப் பல்லுல வச்சேன், நல்லா மரத்துக்கிட்டு வந்துச்சு, அப்பாடான்னு இருந்துச்சு, உடனே கிராம்பு சூடாச்சேன்னு ஞாபகம் வந்துச்சு. பப்பாளி சூடு, எள்ளு சூடு, கிராம்பு சூடா இல்லையா? யாரைக் கேக்க? துப்பிட்டேன். துப்பிட்டு நாலு தடவை கொப்பளிச்சேன். எம்.எஸ்ஸி. படிச்ச சிறுக்கி கிராம்புக்குப் பயந்து வாஷ்பேசின்ல நின்னு துப்புறா. துப்பினதும் வலி திரும்பி வந்துருச்சு, போயி நண்பனைக் கூட்டிட்டு வந்த மாதிரி ரெண்டு மடங்கா. உப்புத் தண்ணி மட்டும்தான் மிச்சம், அதுல சூடும் இல்ல குளிர்ச்சியும் இல்ல, பிரயோசனமும் இல்ல. ஆத்தா செண்பகவல்லி, உன் பேரைத்தான் எனக்கு வச்சிருக்காங்க, கேளு. இந்த வலியைப் பூரா நான் வாங்கிக்கிறேன். இன்னும் வேணும்னாலும் கொடு, எல்லாப் பல்லுலயும் கொடு, நான் வாய் திறக்கமாட்டேன், ஒரு மாத்திரை போடமாட்டேன். அதை மட்டும் விட்டுரு. நான் பொறுக்கப் பொறுக்க அது உள்ள பிடிச்சுக்கும். எந்தப் புத்தகத்துல இருக்குன்னு கேக்காத, எனக்குத் தெரியும், அப்படித்தான். ஒவ்வொரு தடவை பல்லு வெட்டும்போதும் அது ஒரு கை பிடிக்குது. விடாதடா. இல்ல, விடாதடி. எதுவா இருந்தா என்ன, விடாத.

பூட்ஸ் சத்தம். பறக்கும் படை. ரெண்டு பேர் உள்ள வந்தாங்க, ஒருத்தர் பிள்ளைங்க கைகளைப் பார்த்துக்கிட்டே போனார், இன்னொருத்தர் என்னைப் பார்த்தார். கன்னத்துல கை வச்சுக்கிட்டு நிக்காதீங்க மேடம், தூங்குற மாதிரித் தெரியும்னு சொல்லிட்டுப் போனார். தூங்குறேனாம். உங்க வாயில அடிக்க. கையை இறக்கினேன், இறக்கினதும்தான் அது தெரிஞ்சுச்சு. பல்லு இல்ல. கீழ. அடிவயித்துல ஒரு இழுப்பு, லேசா, சேலைக் கட்டு இறுகினாப்பல. சேலைதான். காலையில அவசரத்துல இறுக்கிக் கட்டிட்டேன். இல்லன்னா இவ்வளவு நேரம் நின்னதுல இடுப்புலருந்து வர்ற வலி. ஆரம்பத்துல அப்படி இழுக்கும்னும் சொல்வாங்க, நல்ல அறிகுறின்னுகூடச் சொல்வாங்க, யாரோ சொல்லிக் கேட்டிருக்கேன். எனக்கு இந்த இழுப்பு தெரியாதா? மாசாமாசம் வர்ற விருந்தாளி கதவைத் தட்டுற சத்தம் வீட்டுக்காரிக்குத் தெரியாதா? தெரியல. எனக்குத் தெரியல. பல்லுதான் வலிக்குது, வேற ஒண்ணும் வலிக்கல. திரும்பவும் இழுத்துச்சு. நான் பல்லைக் கடிச்சேன். வேணும்னே கடிச்சேன், இடது பக்கமே, அடைச்ச இடத்துலயே, மேல் பல்லை வச்சு நங்குனு. கண்ணுல பூச்சி பறந்துச்சு. நல்லது, பற, பல்லு வலி மட்டும் இருக்கட்டும், இது பெரிய சத்தமா இருந்தா கீழ இருக்கிறது கேக்காது. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. கண்ணுலருந்து தண்ணி பொலபொலன்னு கொட்டுது, முதல் பெஞ்சுப் பிள்ளை எழுதுறதை நிறுத்திட்டு என்னையே பார்க்குது, எழுதுன்னு கண்ணைக் காட்டினேன். எழுது தாயி, உன் வேலையைப் பாரு. கடிச்சேன். அதுக்கும் மேல கீழ இருந்த அந்த இழுப்பு கேட்டுச்சு.

மாத்தி விட ஜெபசெல்வி டீச்சர் வந்தாங்க, ஹாலுக்கு ஹால் போயி அஞ்சு நிமிஷம் நிக்கிறது இன்னைக்கு அவங்க வேலை. என் மூஞ்சியைப் பார்த்துட்டு கையை நீட்டி வாசலைக் காட்டினாங்க. வராண்டா நீளத்துக்கும் நான் வேகமா நடக்கல, மெதுவா நடந்தேன், தளும்பாம எதையோ தூக்கிட்டுப் போறவ மாதிரி. பின் பக்கக் கட்டடம், பொம்பளை டீச்சர்களுக்குன்னு ஒரு பாத்ரூம், தாழ்ப்பாள் இல்ல, ஒரு கையால கதவைப் பிடிச்சுக்கணும். பிடிச்சுக்கிட்டே பார்த்தேன். வந்திருந்துச்சு. கொஞ்சமா இல்ல, சந்தேகப்படுறதுக்கு இடம் வைக்கிற அளவுக்கு இல்ல, நல்லாவே. கதவைப் பிடிச்ச கை அப்படியே இருந்துச்சு. வாளியில குழாய் சொட்டிக்கிட்டு இருந்துச்சு. பையில எப்பவும் ஒண்ணு வச்சிருப்பேன், அவசரத்துக்கு, டீச்சர் வேலைக்குச் சேர்ந்த நாள்லருந்து இருக்கிற பழக்கம். நாள் தள்ளிப்போனதும் அதை எடுத்து அலமாரியில வச்சுட்டேன். அது பையில இருந்தா வா வான்னு கூப்பிடுற மாதிரி இருக்குமேன்னு வச்சுட்டேன். கன்னத்துக்கு வச்சிருந்த கைக்குட்டையை மடிச்சு வச்சுக்கிட்டேன். அழணும்னு நினைச்சேன். வாயைத் திறந்தா காத்துப் பட்டு பல்லு சுரீர்ங்குது, அழக்கூட விடமாட்டேங்குது. வாயை மூடிக்கிட்டு மூக்கால அழுதேன், அதுக்குப் பேரு அழுகையான்னு தெரியல. அந்த டக்குன்ன சத்தமா? மோட்டார் பைக்கா, பள்ளமா, நின்னதா? நான் தலையாட்டினதா? இல்ல, எதுவுமே இல்லாம, முதல்லயே இல்லாம, வெறும் நாள்தான் தள்ளிப்போச்சா? இது எனக்கு இனி எப்பவுமே தெரியாது. டாக்டரைக் கேட்டாலும் தெரியாது. இருந்துச்சா இல்லையான்னே தெரியாத ஒண்ணுக்கு நான் எங்க போயி ஒப்பாரி வைக்க?

ஹாலுக்கு வெளிய ஜெபசெல்வி டீச்சரைக் கூப்பிட்டு, காதுகிட்டப் போயி, உங்ககிட்ட ஒண்ணு இருக்குமான்னு கேட்டேன். அந்தம்மாவுக்கு விளக்கம் வேண்டியதில்ல. ஓடிப்போயி பேப்பர்ல சுத்தி எடுத்துட்டு வந்தாங்க, கூடவே அந்த மாத்திரையையும், ஒரு டம்ளர்ல வெந்நீரையும். காலையிலருந்து வெளுத்துப்போயி நின்னீங்களே, இதுதானான்னு கேட்டாங்க. தலையாட்டினேன்.

"அப்ப இதைப் போடுங்க முதல்ல. பல்லுக்கும் கேக்கும், வயித்துக்கும் கேக்கும். எதுக்கு டீச்சர் இவ்வளவு நேரம் இந்த வீம்பு, யாருக்காக?"

யாருக்காகன்னு கேட்டாங்க. சொல்லியிருக்கலாம், நல்ல பொம்பளை, சொன்னா என்னைக் கட்டிப் பிடிச்சு ஜெபம் பண்ணியிருப்பாங்க. தெரியல டீச்சர்னு சொன்னேன். வலது பக்கமா ஒதுக்கி, வெந்நீரை ஊத்தி முழுங்கினேன். உள்ள வந்து பழைய இடத்துல நின்னேன். கூடுதல் தாள் கேட்டு ஒரு பிள்ளை எந்திரிச்சுச்சு, கொடுத்தேன், கையெழுத்துப் போட்டேன். அப்புறம் இன்னொரு பிள்ளை. நடந்தேன், சுவர்லருந்து சுவருக்கு. பரீட்சை முடிஞ்சதும் மாரீஸ்வரன் பள்ளிக்கூட வாசல்ல வண்டியோட நிப்பார், பல்லு எப்படி இருக்குன்னு கேப்பார். அதைத்தான் அவரால கேக்க முடியும். மதினி போன்ல கேப்பாங்க, கிராம்பு வச்சியான்னு. எல்லாரும் அக்கறையாத்தான் கேப்பாங்க, பல்லைப் பத்தியே கேப்பாங்க, ஒரு வாரத்துக்குக் கேப்பாங்க. பல்லு வெட்டுறது குறைஞ்சுக்கிட்டு வந்துச்சு. போகாத, கொஞ்சம் இருன்னு அதைப் பார்த்துச் சொன்னேன், நாக்கால அந்த இடத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், மேல் பல்லை வச்சு அழுத்திக்கூடப் பார்த்தேன். மரத்துக்கிட்டே வந்துச்சு. கடைசி மணிக்கு முந்தின மணி அடிக்கும்போது பல்லு வலி சுத்தமா இல்ல, வயித்து வலியும் இல்ல, எனக்கு எங்கயுமே வலிக்கல.